நான்கு மூலையிலும் கார்த்திகை: சாம்யாங் 135 மி.மீ. எஃப் 2

பகலில் எடுத்த படத்தைப் பார்த்து வானத்துக்கு லென்ஸ் வாங்குவது, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கதைதான். என் பழைய 50 மி.மீ. லென்ஸில் கல்யாணப் படங்கள் கத்தி மாதிரி வரும். அதன் துளையை முழுசாகத் திறந்து இரவில் வானத்துக்குத் திருப்பினால் ஓரத்து நட்சத்திரமெல்லாம் இறக்கை விரித்த காக்கை. இதைத்தான் கோமா என்பார்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

அந்தச் சூடு இருந்ததால், சாம்யாங் 135 லென்ஸ் வந்ததும் ஜனவரி அமாவாசைக்கு ஜவ்வாது மலை ஏறினேன். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிற அதே மலை. வடக்கே, ஆம்பூர்ப் பக்கம் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

என் சோதனை ரொம்ப எளிது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை முதலில் நடுவில், அப்புறம் மூலைக்கு ஒன்றாக வைத்து எடுப்பேன். ஒன்பது மணி வாக்கில் அது ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். திரையைப் பார்க்க மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டியதுதான்.

முதல் படங்களில் எல்லாமே கோடு. இதுவும் போச்சா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரிதாக்கிப் பார்த்தால், நடுவிலும் மூலையிலும் கோடு ஒரே திசையில் இருக்கிறது. கோமா என்றால் வால் படத்தின் நடுவைப் பொறுத்து மூலைக்கு மூலை திசை மாறும். இது பூமி சுற்றுகிற வேலை. கோடு விழாமல் எத்தனை வினாடி எடுக்கலாம் என்பதற்கு ‘500 விதி’ என்று ஒரு கணக்கு உண்டு. 500ஐ 135ஆலும், பிறகு என் கேமராவின் க்ராப் (சென்சார் சிறியது என்பதற்கான கணக்கு) 1.5ஆலும் வகுத்து, வந்த இரண்டரை வினாடியை அப்படியே நம்பியது என் தப்பு. 1 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 என்று மாற்றினேன்.

சரி, இப்போது லென்ஸ். துளை முழுசாகத் திறந்த எஃப் 2இலேயே நான்கு மூலையிலும் கார்த்திகை புள்ளி புள்ளியாக நின்றது. நான்கும் ஒரே மாதிரி என்பதுதான் எனக்கு முக்கியம்; ஒரு மூலை மட்டும் இழுத்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்றிக் கேளுங்கள். துளையைக் கொஞ்சம் சுருக்கி 2.8க்கு வந்தால் ஓரத்து இருட்டும் குறைகிறது.

ஆட்டோஃபோகஸ் கிடையாது, இரவில் அது எதற்கு? லென்ஸில் போட்டிருக்கிற இன்ஃபினிட்டி (முடிவிலாத் தூரம்) குறியை மட்டும் நம்ப வேண்டாம். சிரியஸ் நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எண்ணூறு கிராமுக்கு மேல் கனம், முக்காலியில் மாட்ட ட்ரைபாட் வளையமும் கிடையாது. எடை முழுக்க கேமராவின் கழுத்தில்தான் தொங்குகிறது.

திருவாதிரைப் பக்கம் திருப்பலாம் என்று எழுந்தபோது மணி பதினொன்று. முன்கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் ஹீட்டர் பட்டை வீட்டு மேசை மேல்.