ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் கையொப்பம்: இடம் தெரிந்தால் போதும்

எங்கள் சின்னப் பதிப்பகத்துக்குச் சொந்த டொமைன் வாங்கியபோது ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்தது ரவுண்ட்கியூப், பிரவுசரிலேயே மெயில் பார்க்கவும் அனுப்பவும் உதவும் மென்பொருள். ஒரு வருடமாக ஆர்டர், விசாரணை எல்லாம் அதில்தான். ஆனால் கையொப்பம், அதாவது மெயிலின் அடியில் தானாகச் சேரும் பெயர் விவரம், வைக்கும் இடம் தெரியாமல் எங்கள் தம்பி ஒருவர் ஒவ்வொரு மெயிலிலும் பெயர், போன் நம்பர் எல்லாம் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நம்பரில் ஒரு இலக்கம் மாறிப் போய், புத்தகம் கேட்டவர் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, நம்மிடம் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து சரி செய்தேன்.

முதலில் செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ் முழுக்கத் தேடினேன். அங்கே இல்லை. பக்கத்திலேயே ஐடென்டிட்டீஸ் என்று தனியாக இருக்கிறது, அதில் உங்கள் முகவரியைத் தொட்டால்தான் கையொப்பப் பெட்டி வரும். முதலில் எரிச்சலாக இருந்தாலும் இந்த ஏற்பாடுதான் சரி என்று இப்போது சொல்வேன். விற்பனைக்கு ஒரு முகவரி, கையெழுத்துப் பிரதிகள் வாங்க ஒரு முகவரி என்று வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம் போடலாம், வந்த மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ பதிலில் அதன் கையொப்பமே தானாக வந்து உட்காரும். சில ஹோஸ்டிங்கில் புது ஐடென்டிட்டி சேர்க்க விடமாட்டார்கள், அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தில் நிறம், லிங்க், லோகோ எல்லாம் வேண்டுமென்றால் ஹெச்டிஎம்எல் கையொப்பம் என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். லோகோவுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, ஹோஸ்டிங்காரர் மாற்றாவிட்டால் 64 கிலோபைட்தான். எங்கள் அட்டைப்பட ஓவியர் கொடுத்த லோகோ அதைவிடப் பல மடங்கு பெரிது, சுருக்கித்தான் போட்டோம். என்னைக் கேட்டால் லோகோவே வேண்டாம். பெயர், பதிப்பகம், போன், முகவரி, நான்கு வரி போதும். தமிழில் எழுதினாலும் எழுத்து உடையாமல் அழகாகப் போகிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

எப்போது சேர வேண்டும் என்பது மட்டும் பிரிஃபரன்சஸில், கம்போசிங் மெசேஜஸ் பகுதியில் இருக்கிறது: எப்போதும், புது மெயிலுக்கு மட்டும், பதிலுக்கும் ஃபார்வர்டுக்கும் மட்டும், வேண்டவே வேண்டாம். இப்படி ஒரே வேலையை இரண்டு இடத்தில் பிரித்து வைத்ததுதான் இதில் எனக்குள்ள ஒரே குறை. அதே இடத்தில், பதில் எழுதும்போது எதிராளியின் பழைய கையொப்பத்தை நீக்கு என்று ஒரு டிக் இருக்கிறது, கட்டாயம் போடுங்கள். கையொப்பத்துக்கு மேலே இரண்டு சிறு கோடும் (--) ஒரு இடைவெளியும் வருகிறதே, அதை அடையாளமாக வைத்துத்தான் அது வெட்டுகிறது, அதனால் உங்கள் கையொப்பத்திலும் அந்தக் கோட்டை அழிக்காதீர்கள். பத்து முறை போய் வந்த மெயிலில் பத்துக் கையொப்பம் குவியாமல் இருப்பது அதனால்தான்.

அப்புறம், இங்கே வைத்த கையொப்பம் போனில் உள்ள மெயில் ஆப்புக்குப் போகாது. அங்கே தனியாக ஒருமுறை போட வேண்டும். நான் இங்கிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டேன், நம்பரில் இனி தவறு வராது.