தஸ்தயேவ்ஸ்கியின் இரண்டு முகமூடிகள்

'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலின் ஸ்விட்ரிகைலோவ், 'பேய்கள்' (1871–72) நாவலின் ஸ்தாவ்ரோகின் இருவருக்கும் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி தரும் உவமை ஒன்றே: முகமூடி போன்ற முகம். வெண்மை, செம்மை, உதட்டின் நிறம் என எல்லாம் அளவைச் சற்று மீறுகின்றன. அந்த மிகைதான் அழகை அருவருப்பாக்குகிறது. இரண்டில் எந்த முகமூடி அதிகம் அச்சுறுத்துகிறது?

ஸ்விட்ரிகைலோவின் முகமூடி எளிது. ஐம்பது வயதுக்காரருக்கு ஒவ்வாத இளமை, கனத்து நிலைகுத்திய நீலக் கண்கள். மதுக்கடையில் நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் அதை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கிறான். வேடிக்கை என்னவென்றால், முகம்தான் மூடியிருக்கிறது. நாக்கு தன் இழிவுகளைக் கூச்சமின்றிக் கொட்டுகிறது.

ஸ்தாவ்ரோகின் விஷயம் அப்படியன்று. அவன் முகம் முகமூடி போன்றது என்பது ஊர்ப்பேச்சு; கதைசொல்லி அதை நமக்குக் கடத்துகிறான், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் கழித்து அவன் திரும்பும்போது, இனி அப்படிச் சொல்லவே முடியாது, ஐயமின்றி அழகன் என்கிறான் அதே கதைசொல்லி. முகமோ பெரிதாக மாறவில்லை! பிறகு, உட்கார்ந்தபடியே உறங்கும் மகனைத் தாய் பார்க்கிறாள்: உயிரற்ற மெழுகுச்சிலை.

என் ஓட்டு ஸ்தாவ்ரோகினுக்கே. ஸ்விட்ரிகைலோவின் முகமூடிக்குப் பின்னால் சீரழிந்த மனிதன் ஒருவனாவது இருக்கிறான். இவனுடையதைக் கழற்றினால் யாரும் இருப்பார்களா என்பதே சந்தேகம்.