யேல் ஸ்டீவன் ஸ்மித் வகுப்பு: காசில்லாமல் அரசியல் தத்துவம்

எம்.ஏ. அரசியல் அறிவியல் சேரப் போகிறீர்களா? கைடைப் புரட்டுவதற்கு முன்னால், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்மித் 2006-இல் எடுத்த அரசியல் தத்துவ அறிமுக வகுப்பைக் கேட்டுவிடுங்கள். 24 உரைகள், முழுக்க இலவசம், எழுத்து வடிவமும் உண்டு. சாக்ரடீஸ் மீதான விசாரணையில் ஆரம்பித்து பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி என்று வந்து, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸுக்கு மூன்று உரைகள் ஒதுக்கி, சாவு பயத்திலிருந்து ஒரு அரசு எப்படிப் பிறக்கிறது என்று ஸ்மித் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே கேட்கலாம். வீடியோ பழசு, சுமார்தான்.

குறை? 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் தோக்வில்லோடு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மார்க்ஸுக்கும், 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸுக்கும் தனி உரை கிடையாது. காந்தி, அம்பேத்கரை எதிர்பார்க்கவே வேண்டாம், நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வுக்கு அதெல்லாம் தனியாகத்தான் படிக்கணும். அப்புறம், மூல நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இல்லையென்றால் பாதி பிடிபடாது.