பழைய ஃபியட்டின் குரோம் குழிகள்: தேய்ப்பதா, மாற்றுவதா, மறுபடி முலாம் பூசுவதா?

எங்கள் வீட்டு ஃபியட் 1100 டிலைட் அப்பா வாங்கியது. திருவான்மியூரில் கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில் பல ஆண்டுகள் நின்றதால், அதன் முன் பம்பர் முழுவதும் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. இதற்கு மூன்று வழிகள் உண்டு: தேய்த்துச் சுத்தம் செய்து அப்படியே காப்பது, புதிதாகச் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பரை மாட்டுவது, பழையதற்கே மறுபடி முலாம் பூசுவது. குரோம் நிறத்தில் வரும் ஸ்ப்ரே பெயின்ட்டை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. தூர நின்று பார்த்தாலும் அது பெயின்ட் என்றுதான் தெரியும்.

தேய்ப்பதற்குச் சமையலறை அலுமினியத் தாளும் தண்ணீரும் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாமல் துரு மட்டும் உதிர்ந்துவிடும். ஆனால் புள்ளியின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால் தேய்த்து மெழுகு பூசுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நகம் தட்டினால் அங்கே குரோமும் அதன் அடியிலுள்ள நிக்கலும் போய்விட்டன என்று பொருள். எவ்வளவு தேய்த்தாலும் குழி குழியாகவே இருக்கும். என் பம்பரில் மூன்றே வாரத்தில் பழுப்பு நிறம் திரும்பி வந்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பரைப் பராமரிப்பது எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் குரோமில் மெல்லிய நீலச் சாயலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சற்றே மஞ்சள் சாயலும் உண்டு. ஹெட்லைட் வளையத்திற்குக் கீழே ஒன்றைப் பிடித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு என் கண்ணை உறுத்தியது. பிடித்துப் பார்த்ததோடு சரி, பொருத்தி ஓட்டியதில்லை. ஆகவே அதன் உழைப்பைப் பற்றி, ஓட்டியவர்கள் சொல்வதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது மறுமுலாம். அதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது குரோம் அன்று, செம்பு. மேலே மினுங்கும் குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இராது. அதிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. ஈரத்தைத் தடுப்பது அதன் அடியிலுள்ள நிக்கல். குழியை நிரப்புவது அதற்கும் அடியிலுள்ள செம்பு. குழி மறையும்வரை இரும்பையே சாணை பிடித்தால் தகடு மெலிந்துவிடும். ஆகவே செம்பு ஏற்றி, பஃப் அடித்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி), மறுபடி செம்பு ஏற்றி, மட்டம் வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். செலவில் பெரும்பகுதி இந்தக் கூலிதான். விலை குறைவென்று நான் முதலில் கொடுத்த கடையில் செம்பைத் தவிர்த்து நேராக நிக்கல் ஏற்றிவிட்டார்கள். வந்த அன்று கண்ணாடிபோல் இருந்த பம்பர், இரண்டாம் மழைக்காலத்தில் கொப்புளித்து, வெங்காயத் தோல்போல் உரிந்தது.

அடுத்த கடையில் ஒரே நிபந்தனை வைத்தேன்: செம்பு முடிந்ததும் என்னை அழைக்க வேண்டும், நான் பார்த்த பிறகே நிக்கல் தொட்டிக்குள் போக வேண்டும். செந்நிறமாகக் கிடந்த பம்பரில் கூரையிலிருந்த டியூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓடியது. போல்ட் துளைக்கு அருகே மட்டும் மூன்று இடங்களில் நெளிந்தது. மூன்றும் மிச்சக் குழிகள். மறுபேச்சில்லாமல் மீண்டும் செம்புத் தொட்டியில் இறக்கினார்கள். அதன்பின் நான்கு மழைக்காலம் கடந்தும் முன்பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. பத்தாண்டு தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு என் அனுபவம் இன்னும் நீளவில்லை.

கதவுக் கைப்பிடிகளுக்கு இதே கணக்கு செல்லாது. காந்தம் ஒட்டாமல், கீறினால் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதில் அரிப்பு உள்ளிருந்து வீங்கி வரும், பழைய முலாமை நீக்கும் அமிலம் வார்ப்பையே தின்னும், குழிகளைத் துளையிட்டுத் திறந்துதான் செம்பு நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, சாவித் துளையின் கூர்மையான விளிம்பு பஃப்பில் மழுங்கிப் போனது. மற்ற மூன்றும் மெழுகோடு பழைய குழிகளுடனே இருக்கின்றன.

முலாம் பூசியவர் சொல்லாமல் விட்டது பம்பரின் பின்பக்கம். குழிவான உட்புறத்திற்கு, முலாமைப் படிய வைக்கும் மின்னோட்டம் சரியாகச் செல்லாததால் அங்கே முலாம் மெல்லியதாகவே படியும், துருவும் அங்கிருந்தே தொடங்கும். மாட்டுவதற்கு முன் உட்புறம் முழுவதும் பிரைமரும் அதன்மேல் வெள்ளிப் பெயின்ட்டும் அடித்தேன். சென்ற மழை ஓய்ந்ததும் கழற்றிப் பார்த்தபோது, பிராக்கெட் உராய்ந்து பெயின்ட் போயிருந்த இரண்டு விரல் அகலத்தில் மட்டும் துரு இருந்தது. சுரண்டி, மறுபடி பெயின்ட் அடித்து, நடுவில் ஒரு ரப்பர் துண்டு வைத்து மாட்டியிருக்கிறேன்.