விளம்பரம் இருக்கட்டும், வேவு வேண்டாம்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் உலாவியில் முதன்முதலாக ஒரு விளம்பரத் தடுப்பானை நிறுவியதற்குக் காரணம் விளம்பரங்களின் மீதான வெறுப்பு அன்று. வீட்டில் அனைவரும் ஒரே கணினியைப் பயன்படுத்திவந்த காலம் அது. ஒரு நோயின் அறிகுறிகளைப் பற்றி நான் இரவில் தேடிப் படித்திருந்தேன்; மறுநாள் என் மகள் பாடத்திற்காகத் திறந்த பக்கத்தின் ஓரத்தில் அந்நோய்க்கான பரிசோதனை விளம்பரம் நின்றது. "அப்பா, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள். நான் யாரிடமும் சொல்லாததை அந்த விளம்பரம் சொல்லிவிட்டது.

முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா விளம்பரங்களையும் தடுத்தேன். பக்கங்கள் விரைவாகத் திறந்தன, தாமாக ஓடும் காணொலிகள் ஒழிந்தன. சில தளங்கள் உள்ளே விட மறுத்தன. ஒருமுறை பணம் செலுத்தும் பக்கம் மூன்று முயற்சிகளுக்குப் பிறகும் நகராமல் நின்றது. வங்கியின் சரிபார்ப்புச் சாளரத்தைத் தடுப்பானே மறித்திருந்தது என்பது பின்னரே தெரிந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது பற்றி நான் விரும்பிப் படித்துவந்த தளம், விளம்பர வருவாய் சர்வர் செலவுக்கே போதவில்லை என்று அறிவித்து மூடப்பட்டபோது, என் மூலம் அதற்குக் கிடைத்த வருவாய் சுழியம் என்பது உறுத்தியது.

அதன் பிறகுதான் எதைத் தடுக்கிறேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி என்ற பொறியாளர் குக்கீயை உருவாக்கிய ஆண்டு 1994. ஒரு தளம் தன் வாசகரை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்துக்கொள்வதற்கான சிறு ஏற்பாடு அது. ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் முதல் பேனர் விளம்பரங்கள் தோன்றியதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். அந்த விளம்பரங்களுக்குப் படிப்பவர் யார் என்று தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்றோ, பக்கம் திறக்கும் அந்த நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், எந்தப் பக்கம், எந்தக் கருவி, ஏறத்தாழ எந்த இடம், எந்த அடையாள எண் என்ற விவரங்கள் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டு, விளம்பர இடம் ஏலம் விடப்படுகிறது. ஏலத்தில் வெல்பவர் ஒருவர்தான். தோற்றவர்களின் கைக்கும் அந்த விவரங்கள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. என்னை உறுத்துவது ஓரத்தில் நிற்கும் படமன்று, இந்த ஏலக்கூடம்தான்.

ஆகவே, விளம்பரத்தை விட்டுவிட்டு, தளம் விட்டுத் தளம் நம்மைப் பின்தொடர்தலை மட்டும் தடுக்கும் கருவிகளுக்கு மாறினேன். எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2014இல் வெளியிட்ட பிரைவசி பேட்ஜர் அவ்வகையானது. சிவப்பு என்றால் முழுத் தடை, மஞ்சள் என்றால் குக்கீக்கு மட்டும் தடை, பச்சை என்றால் அனுமதி என்ற மூன்று நிறங்களே அதன் மொழி. நம் உலாவலைப் பார்த்து அந்தந்தக் கணினியிலேயே கற்றுக்கொள்ளும் வசதியை 2020இல் அவர்கள் இயல்பிருப்பில் நிறுத்திவிட்டார்கள். அவ்வாறு கற்றதே ஒருவரை அடையாளம் காட்டிவிடக்கூடும் என்பது காரணம். குறையும் உண்டு: பெரும்பாலான விளம்பரங்கள் பின்தொடர்தலோடு ஒட்டியே வருவதால், நான் அனுமதிக்க விரும்பும் விளம்பரங்களும் பல இடங்களில் காணாமல் போகின்றன.

எனக்கு நிறைவளித்தது 2022 முதல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இயல்பாகவே இயங்கும் குக்கீப் பாதுகாப்பு. ஒவ்வொரு தளத்தின் குக்கீகளும் தனித்தனி ஜாடியில் அடைபடுவதால் விளம்பரம் தெரிகிறது, உள்நுழைவு கெடுவதில்லை, ஒரு தளத்தில் படித்தது மறு தளத்திற்குக் குக்கீ வழியாகத் தொடர்வதில்லை. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைக்கும் குக்கீகளை, முற்றிலும் தடுத்துவிட்டது. கூகுளின் குரோம் அவற்றை நிறுத்த அதே ஆண்டு ஜனவரியில் இரண்டாண்டுக் கெடு சொல்லி, பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. குரோமைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்புகளில் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

குக்கீகளை ஏற்கிறீர்களா என்று தளங்கள் கேட்கும் ஒப்புதல் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. அவ்வளவு பெரிய தொகைக்குப் பிறகும் "மறுக்கிறேன்" பொத்தானை நான் தேடித்தான் கண்டுபிடிக்கிறேன்.

இரண்டு தளங்களுக்குச் சந்தாவும் கட்டிப் பார்த்தேன். விளம்பரம் போயிற்று, ஆனால் முன்பு பெயரில்லாமல் படித்தவன், இப்போது பெயரும் அட்டை எண்ணும் கொடுத்து, உள்நுழைந்து, நான் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் என் கணக்கில் பதிவாகும் நிலைக்கு வந்துவிட்டேன். பணம் கொடுத்தால் தனியுரிமை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இது எதிர்பாராத பாடம்.

சந்தாக்களில் ஒன்றை நிறுத்திவிட்டேன். வானொலி பழுதுபார்ப்புக்கு வேறொரு தளம் கிடைத்திருக்கிறது. அதில் சால்டரிங் அயர்ன் விற்பவரின் விளம்பரம் ஒன்று, ஏலமும் குக்கீயும் இல்லாமல், வெறும் படமாக நிற்கிறது. அதைப் பிரைவசி பேட்ஜரும் தடுப்பதில்லை, நானும் தடுப்பதில்லை; போன மாதம் அதைச் சொடுக்கி ஒன்று வாங்கவும் செய்தேன்.