இலவசமாக நடக்கிற ஏஏ மீட்டிங்குக்கு 7,400 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் படிக்கவும்

இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு. 7,400 ரூபாய். ஊட்டிக்கு டூர் வருகிறவர்களுக்கு அது ஒரு ராத்திரி ரூம் வாடகை. எங்கள் வீட்டில் அது மகளிர் குழு தவணைக்காக என் மனைவி கொழுந்து பறித்த கூலியில் சேர்த்து வைத்த பணம். அவள் அக்கவுன்ட்டில்தான் இருந்தது. என் அக்கவுன்ட்டில் பணம் நிற்காது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நான் பிக்கப் டிரைவர். கோத்தகிரி பக்கம் பசுந்தேயிலை மூட்டை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குகிற வேலை. பதினைந்து வருடத்துக்கு மேல் குடி. போன மாதம் முழு லோடோடு வண்டியைச் சாக்கடையில் இறக்கிவிட்டேன், யாருக்கும் அடி இல்லை, ஆனால் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட தேவலை. அன்றைக்குத்தான் நிறுத்த வேண்டும் என்று நிஜமாகவே தோன்றியது.

அருவங்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் முன்பு பயங்கரமாகக் குடிப்பார், பிறகு ஏஏ மீட்டிங் போய் ஒன்பது வருடமாகத் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் ஊரை விட்டுப் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. சரி, போனில் தேடுவோம் என்று பக்கத்தில் எங்கே மீட்டிங் நடக்கிறது என்று தேடினேன். முதலில் வந்தது, பிளம்பர், கல்யாண மண்டபம், பல் டாக்டர் எல்லாம் ஊர்வாரியாகக் காட்டும் தேடல் தளம் இருக்கிறது அல்லவா, அந்த வகைத் தளம் ஒன்று. பெயர் சொல்லவில்லை, சொன்னால் வேறு தொல்லை. "குன்னூரில் குடி மறுவாழ்வுக் கூட்டங்கள்" என்று தலைப்பு, கீழே நம்பரைப் போடச் சொல்லி ஒரு கட்டம். போட்டேன்.

பத்து நிமிடத்தில் நாலு போன். சமவெளிப் பக்கத்து சென்டர் ஒன்றிலிருந்து, "ஆள் வரமாட்டேன்னா சொல்லுங்க, நாங்களே ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுறோம்" என்றார்கள். யாரைத் தூக்கப் போகிறார்களோ அவனிடமே சொல்கிறார்கள்! கட் பண்ணிவிட்டேன்.

ஐந்தாவதாக வந்தவன்தான் ஆள். குரலே மெதுவாக இருந்தது. "அண்ணே, நானும் குடிச்சு அழிஞ்சவன்தாண்ணே. தொட்டு ஆறு வருஷம் ஆச்சு" என்றான். அப்புறம் கேட்டான்: "காலையில எந்திரிச்சதும் கை நடுங்குதாண்ணே? முதல் கட்டிங் போட்டாத்தான் நிக்குதா?" என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஏன் குடிக்கிறாய் என்று கேட்பார்கள், வெட்கமில்லையா என்று கேட்பார்கள். கை நடுங்குகிறதா என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன், இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏஏ 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குச்சந்தை புரோக்கரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்தது, இரண்டு பேருமே குடிநோயாளிகள், பன்னிரண்டு படிகள் இருக்கிறது, ஒரு குடிநோயாளியின் கஷ்டம் இன்னொரு குடிநோயாளிக்குத்தான் புரியும் என்று எல்லாம் சொன்னான். பிறகு விசாரித்துப் பார்த்தேன், அவ்வளவும் உண்மை. பொய் ஒன்றே ஒன்றுதான், காசு. பதிவுக் கட்டணம் 2,400, மூன்று மாத மெம்பர்ஷிப் 5,000, ஆக 7,400. "குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் ஹால்ணே, சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி, உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டு வைக்கச் சொல்றேன்." அந்தச் சேர் கதை வேறு.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், பிறகு போனைக் கொடுத்துப் பின் நம்பரைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதை என்னிடம் சொன்னது அன்றுதான். குடியை நிறுத்தி மூன்றாவது நாள், கை நடுக்கத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவையும் தப்பியிருந்தால் லாக் ஆகியிருக்கும், 7,400 ரூபாயும் தப்பியிருக்கும். மூன்றாவது தடவை பார்த்து சரியாக அடித்துத் தொலைத்தேன்.

சனிக்கிழமை போனேன். அன்றைக்குப் பதினோராவது நாள். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கோத்தகிரியிலிருந்து பஸ். குன்னூரில் மஞ்சு இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. அவன் அனுப்பிய லொகேஷனில் ஹால் இருந்தது, பூட்டியிருந்தது. வாட்ச்மேன் தாத்தா வந்து, "இங்க மீட்டிங்கா? போன மாசம் ஒரு கல்யாணம் நடந்ததோட சரிப்பா" என்றார். அவனைக் கூப்பிட்டால் ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஏழு வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தேன், எங்கேயோ எனக்காகச் சேர் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று.

மறைக்கப் போவதில்லை, திரும்பி வரும் வழியில் டாஸ்மாக் இருந்தது, ஒரு குவாட்டர் வாங்கினேன். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசும் அதிலேயே போய்விட்டது. நீலகிரியில் 2022-லிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள், காட்டில் வீசிய பாட்டில் யானை காலைக் கிழிக்கிறது என்று கோர்ட் வரைக்கும் போய் வந்த ஏற்பாடு. நான் குடித்து முடித்து அதே கவுன்டரில் காலியைக் கொடுத்து, அந்தப் பத்து ரூபாயை வாங்கி, மீதிக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரிடம் கையேந்தி ஊர் வந்தேன். மெம்பர்ஷிப்புக்கு 7,400 கட்டிய ஆள்.

திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் என்னை ஓட்டியதுதான் தாங்க முடியவில்லை. முதலில், "கோஆர்டினேட்டர் லீவுல இருக்காரு சார்." அண்ணே போய் சார் வந்துவிட்டது, கவனியுங்கள். செவ்வாய், "ரீஃபண்ட் பிராசஸ்ல இருக்கு, ஏழு வேலை நாள்." புதன், "பதிவுக் கட்டணம் திரும்பாது சார், மெம்பர்ஷிப்புக்கு நீங்கதான் அட்டென்ட் பண்ணலைன்னு இருக்கு." பூட்டின ஹாலில் எப்படிடா அட்டென்ட் பண்ணுவது? தளத்துக்காரர்களைக் கூப்பிட்டால், விளம்பரம் போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். வியாழன் நான் சத்தம் போட்டேன். அதற்கு அந்தப் பெண், ரொம்பப் பொறுமையாக, "சார், நீங்க குடிச்சிருக்கீங்க, தெளிஞ்சதுக்கப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்போது காலை பத்து மணி, ஒரு சொட்டு தொடவில்லை. கட்டாந்தரையில் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. குடிகாரன் போலீசுக்குப் போக மாட்டான், போனாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டிலேயே நம்பவில்லை. சனிக்கிழமை வாசனையோடு வந்து நின்ற என்னிடம் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "ஏங்க, அந்த 7,400-ம் இப்படித்தான் போச்சா?" பணம் போன மெசேஜ் அவள் போனிலேயே இருக்கிறது, இருந்தும் கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்னொன்று விட்டுவிட்டேன். நடுவில் அவர்கள் அவளையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். 3,200 ரூபாய்க்கு ஒரு பொடி, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், வாசனையே தெரியாது என்று. நல்லவேளை, அக்கவுன்ட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை ஊட்டி அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தோம். அந்தப் பொடியைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை இருப்பது நிஜம், ஆனால் அது ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துத் தருவது, தெரியாமல் சாப்பிட்டவன் மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். என்னையும் விடவில்லை. பதினைந்து வருடம் தினமும் குடித்தவன் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், நீ பிழைத்தது அதிர்ஷ்டம் என்று நன்றாகத் திட்டினார். போனில் பேசியவன், "நாளைக்கே நிறுத்திடுங்கண்ணே, மீட்டிங் வந்தா போதும்" என்றுதான் சொன்னான்.

மீட்டிங் எங்கே நடக்கிறது என்று அந்த வார்டு நர்ஸ் அக்காதான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். இடத்தைச் சொல்ல மாட்டேன், அங்கே வருகிறவர்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றுதான் வருகிறார்கள். பிளாஸ்டிக் சேர் எட்டு, ஃபிளாஸ்க்கில் டீ, சுவரில் அட்டையில் எழுதின பன்னிரண்டு படிகள். பெயர், ஊர் எதையும் யாரும் கேட்கவில்லை. "சேர என்ன கட்டணும்?" என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் சிரித்தார். குடியை நிறுத்த வேண்டும் என்கிற ஆசை இருந்தால் போதுமாம், வேறு தகுதியே கிடையாது, கட்டணம் கிடையாது, வெளி ஆளிடம் நன்கொடைகூட வாங்க மாட்டார்களாம். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது, வாடகைக்கும் டீக்கும். இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். நான் தள்ளிவிட்டேன், யாரும் பார்க்கக்கூட இல்லை.

இதற்கு என்னிடம் 7,400 ரூபாய்!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி பதினொன்றாகிவிட்டது. சுருக்கமாக: ஏஏ என்று சொல்லி யார் காசு கேட்டாலும் அது ஏஏ இல்லை. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, அதுவும் இலவசம். தேடல் தளத்தில் நம்பரைப் போடாதீர்கள், 14446-ஐக் கூப்பிடுங்கள், போதை மறுவாழ்வுக்கான அரசு இலவச எண். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் பண மோசடிக்கான அரசு புகார் எண். நான் பல நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன், அந்தக் கணக்கில் மிச்சம் இருக்குமா என்று பார்க்கிறோம் என்று புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். தினமும் குடிக்கிறவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம். பொடி வாங்காதீர்கள்.

ஆறரைக்குக் கொழுந்து லோடு இருக்கிறது. சாவி இன்னும் முதலாளியிடம்தான், மூட்டை ஏற்ற மட்டும் கூப்பிட்டிருக்கிறார். மனைவி பின் நம்பரை மாற்றிவிட்டாள்.