குலை அழுகினால் மணலைத் திட்டாதீர்கள், பழத்தை வெட்டிப் பாருங்கள்

2018 கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னை முழுக்கச் சாய்ந்தது. அந்த இரண்டு ஏக்கர் மணல் தரையில் மறுவருடம் எண்ணெய்ப் பனை வைத்தேன். மானியக் கன்றுக்கு அலையப் பொறுமை இல்லை. "எல்லாம் டெனெரா அண்ணே" என்று வேனில் கொண்டுவந்து இறக்கினார் ஒரு வியாபாரி. டெனெரா என்பது எண்ணெய் அதிகம் தரும் கலப்பின வகை. பாதி விலை. ஏக்கருக்கு 57 வீதம் 114 கன்று. ரசீதுகூடக் கேட்கவில்லை, அது என் புத்தி.

நான்காம் வருடம் பல மரங்களில் வெறும் ஆண் பூ. இருபத்தைந்துக்கு மேற்பட்ட மரங்களில் குலை வந்தும் காய் திரளாமல் அழுகியது. அவரையே கூப்பிட்டேன். "மணல் அண்ணே, மழையும் ஏமாத்திடுச்சு, சத்து பத்தல" என்றார். ஒரு வருட உரத்தையும் ஐப்பசியில் ஒரே தடவையாகப் போடச் சொன்னார். உரமும் அவரிடமே வாங்கினேன். அந்த வாரமே அடைமழை. மணலில் பொட்டாஷ் நிற்குமா? எல்லாம் வேருக்குக் கீழே போய்விட்டது.

அவர் பேச்சை நம்பியதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் தட்டினால் இந்த மரம் ஆண் பூவாகத் தள்ளும், அதுவும் பட்ட வறட்சி ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத்தான் குலையில் தெரியும். கோடையில் வளர்ந்த மரத்துக்குத் தினம் 200 லிட்டருக்கு மேல் வேண்டும், என் மோட்டாரோ பாதி நாள் ஓடவில்லை. ஆண் பூவுக்கு அது சரி. அழுகலுக்கு?

வேளாண்மை படிக்கும் மச்சினன் மகன்தான் கேட்டான்: "பழத்தை வெட்டிப் பாத்தீங்களா மாமா?"

வெட்டினோம். டெனெராவில் கொட்டையின் ஓடு மெல்லியதாக இருக்கும், அதைச் சுற்றிக் கறுப்பு நார்ப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். முப்பது மரங்களில் வளையமே இல்லை, ஓடு மட்டும் தடி தடியாக. அது டூரா, எண்ணெய் குறைவு. அழுகியவை பெரும்பாலும் ஓடில்லாத பிசிஃபெரா, மலட்டு வகை. டெனெரா மரத்தடியில் உதிர்ந்த பழத்தை முளைக்க வைத்தால் கால்வாசி டூரா, கால்வாசி பிசிஃபெரா என்று பிரியுமாம். என் தோட்டத்துக் கணக்கு அப்படியே இருந்தது. ஆள் உதிரி பொறுக்கிக் கன்று போட்டிருக்கிறார்.

மலட்டு மரங்களை வெட்டிவிட்டேன். மிச்சத்துக்குச் சொட்டுநீர், உரம் நாலு தவணை, அடை மழை ஓய்ந்த பிறகுதான். கன்று வாங்குகிறவர்கள் விதை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சீட்டு கேளுங்கள். அதே வேனைப் போன வாரம் பக்கத்து ஊரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.